வாரியத்தின் முதல் பயனாளி

மாலையும் மைக்கும் மானியமும் ஒரே பந்தலில் சேர்ந்துவிட்டால் எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரி இதை வியாதி என்கிறாள். இருக்கலாம். ஆனால் அந்த வியாதி எனக்கு எங்கே தொற்றியது என்று கேட்டால் தேதி மறந்துபோயிருந்தாலும் இடம் மறக்கவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில்.

நான் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ராசிபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் ஊர். எம்.எல்.ஏ.யின் மச்சான் முதல் மாட்டுத் தரகர் வரை எல்லோரையும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளியவன் என்பதால் பெரிய மனிதர்களைப் பார்த்து எனக்குப் பயம் வருவதில்லை. முதியோர் பணிவிடை வாரியத்தைப் பார்த்துத்தான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வாரியம் கிளம்பியது. கிராமங்களில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வயசாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பயிற்சி முடித்தவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது, இவைதான் அதன் வேலை. சம்பளப் பணம் மெட்ராஸ் தலைமையகத்திலிருந்து வரும். தலைமையகத்துக்கு எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. சீமையில் ஒரு துரைசானி தன் நாய்க்கு எழுதிவைத்ததுபோக மிச்சம் என்று வாரியத்தின் ஜீப் டிரைவர் என்னிடம் சொன்னான்.

வாரியத்தின் தலைவர் அம்பலவாணர், ஓய்வுபெற்ற தாசில்தார். கீழே மண்டியில் மூட்டையைப் பிரித்தால் மேலே எல்லோரும் தும்முவார்கள். அம்பலவாணரும் தும்முவார். தும்மி முடித்ததும் எந்த வார்த்தையில் விட்டாரோ அதே வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடர்வார். அவருடைய திறமைகளில் நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். அவருக்குச் செயலாளர் கந்தவேல். தலைவர் தும்மினால் தானும் தும்முவார், மிளகாய் இல்லாத நாளிலும்.

எங்கள் ஊர் சௌந்திரத்துக்கு இந்த வாரியத்தால் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. புருஷன் போனபிறகு அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து தறிப்பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். அப்பன் வெள்ளியங்கிரிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். "செரி." பசித்தாலும் செரி, வலித்தாலும் செரி, சொந்த மகன் நாச்சிமுத்து நாமக்கல்லில் லாரி வாங்கியவுடன் இந்தப் பக்கம் வரும் வழியை மறந்துபோனதற்கும் செரி. அதில் எந்தச் செரிக்கு என்ன அர்த்தம் என்று சௌந்திரத்துக்கு மட்டும் தெரியும்.

அவள் பட்டறைக்குப் போனால் அப்பன் காய்ந்து கிடப்பார். போகாவிட்டால் அடுப்பு காய்ந்து கிடக்கும். அப்பனைப் பார்த்துக்கொள்வதற்கே சம்பளம் என்று எங்கள் பஸ்ஸின் பின்பக்கம் வாரியத்தார் நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நேர்காணலில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஏனுங்க, நான் இங்க வந்து தங்கீட்டன்னா, எங்கப்பன யாருங்க பாத்துக்கறது?"

அம்பலவாணர் புன்னகையோடு சாய்ந்து உட்கார்ந்தார். "அதற்குத்தானே அம்மா பயிற்சி!" என்றார்.

கந்தவேல் அசந்துபோனார். மறுநாளே அந்த வாசகத்தைப் பெயிண்டரை வைத்துச் சுவரில் பெரிதாக எழுதச் செய்துவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள், ஆடு மேய்த்த நேரம் போக மற்ற நேரம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சௌந்திரம் அப்பனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, பித்தளைச் சொம்பில் தண்ணீரை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, "போயிட்டு வாரேனுங்கப்பா" என்றாள்.

"செரி" என்றார் வெள்ளியங்கிரி. அது போகாதே என்கிற செரி. அவள் அதைப் புரிந்துகொண்டுதான் என் பஸ்ஸில் ஏறினாள். ராசிபுரம் வரும்வரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

பயிற்சி எப்படி நடந்தது என்று அவள் பின்னால் சொல்லித்தான் தெரியும். முதல் வாரம் முழுக்க வரவேற்புப் பாட்டு. அடுத்தது குங்குமத்தட்டு பிடிக்கும் முறை. எந்தக் கையில் தட்டு, எந்தப் பக்கம் புன்னகை என்று கந்தவேல் நடந்து காட்டுவார். அதன்பிறகு செய்முறை வகுப்பு. அதற்கு ஒரு வயசாளி வேண்டுமே? நிஜ வயசாளிகள் இருமுகிறார்கள், நடுவில் வெளிக்குப் போகவேண்டும் என்கிறார்கள், அதனால் வகுப்பின் ஒழுங்கு கெடுகிறது என்று தலைவர் முடிவெடுத்து, பக்கத்து ஜவுளிக்கடையிலிருந்து ஒரு பொம்மையைக் கடனாக வாங்கிவரச் சொன்னார். சட்டை மாட்டிக் காட்டுவதற்காகக் கடைவாசலில் நிற்கும் வாலிபப் பொம்மை. அரும்பு மீசை, ரோஸ் உதடு, கல்யாண மாப்பிள்ளைச் சிரிப்பு. தலையில் பஞ்சை ஒட்டினார்கள். முதியவர் தயார்.

"இவரைக் குளிப்பாட்டுங்கள்" என்றார் அம்பலவாணர்.

ஒருத்தி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். கந்தவேல் பதறிப்போய் ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். தண்ணீர் பட்டால் பெயிண்ட் உரியும், ஆடித் தள்ளுபடிக்குள் பொம்மையை ஜவுளிக்கடைக்குத் திருப்பித் தரவேண்டும். உடனே தலைவர் அங்கேயே ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்தார். பெயர் உலர் குளியல். சோப்பு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், உடம்பில் கை படாமல், துண்டை மட்டும் காற்றில் இப்படியும் அப்படியும் வீசவேண்டும். பெண்கள் வீசினார்கள். முதியவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும் பாடம் மட்டும் நடக்கவில்லை. பொம்மைக்கு இடுப்பு மடங்காது.

"செத்தாலும் இப்படி வெறச்சுக் கெடக்க மாட்டாங்களே மாதாவே" என்று சௌந்திரத்தின் பக்கத்துப் படுக்கைக்காரி இன்னாசிமேரி முணுமுணுத்தாளாம். சேலத்து மாதா கோவில்காரப் பெண் அவள். பயிற்சியாளரைக் கேலி செய்ததாக அவளை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே கொடுத்துவைத்தவள் அவள்தான்.

பயிற்சியின் சாரத்தைத் தலைவர் சில பொன் விதிகளாக எழுதி, பெண்கள் தினமும் காலையில் கோரஸாகச் சொல்லும்படி செய்திருந்தார். பயனாளியைத் தொடுமுன் வணங்கித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளரின் ஒப்புதல் இல்லாமல் பயனாளிக்கு எதையும் ஊட்டவோ புகட்டவோ கூடாது. விளக்கேற்றாத விழா விழாவாகாது. பயனாளி கேட்டதைச் செய்வதைவிட, செய்ததைப் பயனாளி கேட்கும்படி எடுத்துரைப்பதே சேவை. கடைசி விதிக்கு என்ன அர்த்தம் என்று நானும் பல டிரிப் யோசித்துப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, வாரியமே அதுதான் என்று.

பயிற்சி முடிந்தது. ஆனால் பெண்களை ஊருக்கு அனுப்பவில்லை. சான்றிதழ் கொடுக்க மெட்ராஸிலிருந்து இயக்குநர் வரவேண்டும், அவர் தேதி கொடுக்கவில்லை. ஆட்கள் கலைந்துபோனால் மறுபடி சேர்க்க முடியாது என்று எல்லோரையும் மாடியிலேயே வைத்துக்கொண்டார்கள். வேலை இல்லாததால் வரவேற்புப் பாட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பொன்னாத்தாள் ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸை மறித்தாள்.

"கண்டக்டரே, சௌந்திரத்துகிட்டச் சொல்லீருங்க சாமி. அவுங்கப்பனுக்கு முதுகெல்லாம் புண்ணு. காச்சலும் அடிக்குது. நான் ஒண்டிக்காரி, அவர எப்படிப் பொரட்டுவேன்? உடனே வரச் சொல்லுங்க."

சேலம் போனதும் டிரைவரிடம் சொல்லிவிட்டு நேரே அந்த மிளகாய் மாடிக்கு ஏறினேன். சொன்னேன். சௌந்திரம் துணிப்பையை எடுத்துவிட்டாள். அம்பலவாணர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"உட்காருங்கள் அம்மா. ஒரே ஒரு முதியவருக்காக இந்த நாட்டின் எல்லா முதியவர்களையும் கைவிடப் போகிறீர்களா? உங்கள் தந்தைக்கு நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரியத்துக்கு? வாரியத்துக்கு உங்கள் வருகை இருக்கிறது. நீங்கள் போனால் வருகை குறையும். வருகை குறைந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால்," இங்கே ஒரு தும்மல், "குறைந்தால் உங்கள் தந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

"நான் பாத்துக்குவனுங்க" என்றாள் சௌந்திரம்.

"உணர்ச்சிவசப்படுகிறார்" என்று தலைவர் கந்தவேலிடம் சொன்னார். "இப்போது போனால் சான்றிதழும் கிடையாது, சம்பளமும் கிடையாது."

அந்தச் சம்பளத்துக்காகத்தான் அவள் அப்பனை விட்டுவிட்டு வந்ததே. போனாலும் கெட்டது, இருந்தாலும் கெட்டது. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலையைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. "நல்லாருப்பீங்களா நீங்கெல்லாம்?" என்று கேட்டேவிட்டேன். அம்பலவாணர் அதை நலம் விசாரிப்பாக எடுத்துக்கொண்டு, "இறைவன் அருளால்" என்றார்.

மறுநாள் அவருக்கே ஒரு யோசனை உதித்ததாம். சௌந்திரத்தை ஊருக்கு அனுப்புவதற்குப் பதிலாக விழாவையே அவள் ஊருக்குக் கொண்டுபோனால் என்ன? வெள்ளியங்கிரியையே வாரியத்தின் முதல் பயனாளி என்று அறிவித்தால் என்ன? இயக்குநருக்கும் இது பிடித்துவிட்டது. தேதி கொடுத்தார். சித்திரை மாசத்து உச்சி வெயில் நேரத்தை.

சௌந்திரம் அப்பனைப் பார்க்க இன்னும் சில நாள் காத்திருந்தாள். விழா ஜீப்பில்தான் வந்து இறங்கினாள், ஊதாச் சேலைச் சீருடையில், கையில் குங்குமத்தட்டோடு. இறங்கியதும் வீட்டுக்குள் ஓடப் பார்த்தவளைக் கந்தவேல் வரிசையில் நிறுத்தினார். இயக்குநர் வரும்வரை வரிசை கலையக்கூடாது.

வீட்டுக்குள் இருட்டாக இருக்கிறது என்று போட்டோகிராபர் சொன்னதால் வெள்ளியங்கிரியைக் கட்டிலோடு தூக்கி வாசலில் போட்டார்கள். முகத்தில் வெளிச்சம் விழவில்லை என்று கட்டிலைத் திருப்பித் தெற்கே தலை வரும்படி வைத்தார்கள். விழாக் குத்துவிளக்கு காற்றில் அணையாமலிருக்கக் கட்டிலின் தலைமாட்டில் வைத்து ஏற்றினார்கள். பிறகு அம்பலவாணர் வந்து, படுத்திருந்தவர் கழுத்தில் பெரிய ரோஜா மாலையைச் சார்த்தினார்.

எங்கள் பக்கத்தில் வாசலில் கட்டில், தெற்கே தலை, தலைமாட்டில் விளக்கு, படுத்தவர் கழுத்தில் மாலை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஒரு தாலுகாவையே ஆண்ட மனிதருக்குத் தெரியவில்லை.

தூரத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அய்யோ, வெள்ளியங்கிரி போயிட்டாரு" என்று ஒருத்தி சொன்னது எனக்கு முன்னால் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்று நான் டூட்டியில் இருந்தேன். சொந்தக்காரர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் பஸ்ஸில் ஏறினார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே டிக்கெட் கிழித்தேன்.

ஊரில் இறங்கினால் ஒரு பக்கம் மைக், ஒரு பக்கம் ஒப்பாரி. பந்தலுக்குள் அம்பலவாணர் பேசிக்கொண்டிருந்தார். பந்தலுக்கு வெளியே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்மக்கள் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாக இயக்குநரிடம் கந்தவேல் காதோடு சொன்னார். அவர் திருப்தியாகத் தலையசைத்தார். செத்தவர் என்று நினைத்ததால் ஊரில் ஒருத்தர்கூட அந்த மனிதருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. தெரிந்தவள் பொன்னாத்தாள் ஒருத்தி. அவளை இயக்குநருக்கு இளநீர் வெட்டுவதற்காகத் தோப்புக்கு அனுப்பியிருந்தார்கள்.

மேடையோரம் நின்ற சௌந்திரத்துக்கு மட்டும் அப்பனின் நாக்கு உதட்டைத் தேடுவது தெரிந்தது. "தண்ணிங்க, எங்கப்பன் தண்ணி கேக்கறாருங்க" என்று நகர்ந்தாள். "உன் பேரைத்தான் கூப்பிடப் போறாங்க, அசையாதே" என்றார் கந்தவேல்.

மைக்கில் அம்பலவாணரின் குரல் எங்கள் ஊர் மலைக்கரடு வரை போய் மோதியது.

"முதியோரின் தாகம் எது? அது தண்ணீர்த் தாகமா? இல்லை! அது பாசத்தின் தாகம்! அந்தத் தாகத்தை வெறும் தண்ணீரால் தணித்துவிட முடியுமா?"

கைதட்டல்.

சான்றிதழுக்கு முதல் பேராக சௌந்திரத்தைக் கூப்பிட்டார்கள். அவள் வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். போட்டோகிராபர் பல்பு மாற்றிக்கொண்டிருந்தான். அம்பலவாணர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார். அதே நேரத்தில் இயக்குநர் கட்டிலின் பக்கம் குனிந்தார்.

"என்ன பெரியவரே, வாரியத்தின் சேவை திருப்திதானே?"

வெள்ளியங்கிரி கண்ணைத் திறந்தார். "செரி" என்றார்.

பளிச்சென்று பல்பு வெட்டியது. செத்த மனிதர் பேசியதைப் பார்த்து ஒப்பாரி வைத்த பெண்கள் மாரில் அடித்த கையை அப்படியே நிறுத்தினார்கள். அம்பலவாணர் கையை விட்டதும் சௌந்திரம் குங்குமத்தட்டை வீசிவிட்டு வீட்டுக்குள் ஓடி, அந்தப் பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து அப்பன் தலையை மடியில் தூக்கி வைத்துப் புகட்டினாள். தண்ணீர் கடைவாயில் வழிந்து மாலையை நனைத்தது. உள்ளே இறங்கவில்லை.

இந்த முறை ஒப்பாரி தொடங்கியது அவள்தான்.

வாரியத்தாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை பாக்கி இருந்தது. கந்தவேல் நன்றி சொன்னார். அம்பலவாணர் கடைசியாக மைக்கைப் பிடித்து, "போய் வருகிறோம்! விரைவில் இதேபோல் இன்னொரு விழாவுக்கு இதே ஊருக்கு மீண்டும் வருவோம்!" என்று கும்பிட்டார். இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று எங்கள் பக்கத்தில் விரோதிகூடச் சொல்லமாட்டான். வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடவேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிடுவதாக அர்த்தம். கூட்டமே காறித் துப்பியது. ஜீப் கிளம்பிய புழுதியில், லாரி நிறைய மூங்கிலோடு நாச்சிமுத்து வந்து இறங்கினான். அப்பன் உயிரோடு இருந்தவரை தெரியாத வழி, பாடை கட்டுவதற்குத் தெரிந்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்ததும் சௌந்திரம் சம்பளம் கேட்டு மாடி ஏறினாள். பயனாளி இல்லாதவள் பணிவிடையாளர் ஆகமாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் மறுபடி தறிப்பட்டறைக்குப் போனாள். அப்பன் செரி சொல்லும் போட்டோ வாரியத்தின் ஆண்டு மலரில் அட்டைப்படமாக வந்தது. என் பஸ்ஸின் பின்பக்கமும் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். நான் கிழித்துப்போட்டேன்.

அடுத்த வருஷம், அம்பலவாணர் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தபோது எதிரே மிளகாய் மூட்டை ஏறியிருக்கிறது. ஒதுங்கி வழிவிடப் போனவருக்குத் தும்மல் வந்துவிட்டது. உருண்டவர் மண்டிவாசலில்தான் நின்றார். இடுப்பெலும்பு முறிந்துபோனது. வயசாகிவிட்டது, இனிமேல் படுக்கைதான் என்றார் டாக்டர். மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகன் பம்பாயில். மகனிடமிருந்து ஆறுதல் தந்தி வந்தது. சமையற்காரி சோறாக்கி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

தற்காலிகத் தலைவரானார் கந்தவேல். அவருக்கு ஒரு பயனாளி தேவைப்பட்டார், மானியம் நிற்கக்கூடாதல்லவா? பழைய தலைவரையே பயனாளியாகச் சேர்த்தார். பணிவிடைக்குச் சான்றிதழ் வாங்கிய பெண் வேண்டும். அன்று சான்றிதழ் கொடுப்பது முதல் பேரோடு நின்றுபோனதால் வாங்கியிருந்தவள் ஒரே ஒருத்திதான்.

உத்தரவு வந்ததும் பொன்னாத்தாள் குதித்தாள். "போவாத அம்மிணி! அவன் மூஞ்சில போயி முளிக்கறதா? த்தூ!"

"போறனக்கா" என்றாள் சௌந்திரம். "கத்துக் குடுத்ததயெல்லாம் ஒருக்காவாவது செஞ்சு காட்டோணுமில்ல?"

பெட்டியில் சான்றிதழையும் அந்தப் பித்தளைச் சொம்பையும் எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மூக்கைத் துடைக்கவில்லை.

முதல் நாள் காலையில் அம்பலவாணர் கண்விழித்ததும் கேட்டது தண்ணீர்.

சௌந்திரம் எட்டி நின்று கும்பிட்டாள். "ஐயா, வணக்கம். முதியோர் பணிவிடை வாரியத்தின் பயிற்சி பெற்ற பணிவிடையாளர் சௌந்திரம், தங்கள் முதுமைக்குத் தலைவணங்குகிறேன்."

"சரி சரி, தண்ணி கொடும்மா."

"செரிங்க" என்றாள். அசையவில்லை.

"என்ன நிக்கறே?"

"மேற்பார்வையாளர் ஒப்புதல் இல்லாம புகட்டக் கூடாதுங்க. நீங்க எளுதுன விதிதானுங்க. கந்தவேலய்யா மத்தியானம் வாராருங்க."

அம்பலவாணர் கத்தினார். அவள் செரிங்க என்றாள். கெஞ்சினார். அதற்கும் செரிங்க. சமையற்காரி வந்த பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. முதுகு எரிகிறது, புரட்டிப் படுக்கவை என்றார். "அந்தப் பாடம் நடத்தலீங்களே. பொம்மைக்கு இடுப்பு மடங்காதுங்க" என்றாள். உடம்பெல்லாம் கசகசக்கிறது, குளிப்பாட்டு என்றார். அவள் துண்டை எடுத்துத் தள்ளி நின்றுகொண்டு காற்றில் வீசினாள்.

"தண்ணி ஊத்துடி!"

"பெயிண்டு போயிருமுங்க."

இதையெல்லாம் கேட்டு ஐயோ பாவம் என்பவர்கள் இருக்கலாம். என் டிரைவர்கூட அப்படித்தான் சொன்னான். எனக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அம்பலவாணர் கந்தவேலிடம் முறையிட்டார். கந்தவேல் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, விதிகளை ஒரு வரிகூட மீறாமல் பணிபுரிவதற்காக சௌந்திரத்தைப் பாராட்டினார். இந்த அரிய சேவையை இயக்குநர் நேரில் பார்க்கவேண்டும் என்று விழாவுக்கும் ஏற்பாடு செய்தார். அம்பலவாணர் வீட்டு வாசலிலேயே பந்தல்.

விழாவன்று கட்டிலை எங்கே போடுவது என்று போட்டோகிராபர் யோசித்தான். "நான் சொல்றனுங்க" என்று சௌந்திரம் முன்னால் வந்தாள். வாசலில் போடச் சொன்னாள். தெற்கே தலைவைக்கச் சொன்னாள். குத்துவிளக்கைத் தானே தூக்கிக்கொண்டுவந்து தலைமாட்டில் வைத்து நிதானமாக ஏற்றினாள். எங்கள் ஊர் விழாவில் காறித் துப்பியவர்களிடமிருந்து அம்பலவாணர் ஒன்றைக் கற்றிருந்தார் போலிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது.

"ஏய்! விளக்கை எடு! கட்டிலைத் திருப்பு!"

"விளக்கேத்தாத விழா விழாவாகாதுங்களே" என்றாள் சௌந்திரம்.

கந்தவேல் ரோஜா மாலையைச் சார்த்தினார். தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்காரர் மரியாதைக்காகக் கடைக்கதவைப் பாதி சாத்தினார். வேறு யாரோ தலைமையகத்துக்குச் சாவுச் செய்தி அடிக்கத் தந்தியாபீசுக்கே போய்விட்டார்கள்.

வெயில் ஏறியது. இயக்குநர் வழக்கம்போலத் தாமதம். "தண்ணி... கந்தவேலு... தண்ணி" என்றார் அம்பலவாணர். மைக்கில் கந்தவேலின் குரல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நம் தலைவர் சொன்ன அமர வாக்கு ஒன்று போதும்! முதியோரின் தாகம் தண்ணீர்த் தாகமல்ல, பாசத்தின் தாகம்! அந்தத் தாகத்தை வெறும் தண்ணீரால் தணித்துவிட முடியுமா?"

கைதட்டல். அம்பலவாணரின் நாக்கு உதட்டைத் தேடியது. குங்குமத்தட்டோடு மேடையோரம் வரிசை கலையாமல் நின்ற சௌந்திரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இயக்குநர் வந்தார், குனிந்தார். "ஐயாவுக்கு வாரியத்தின் சேவை திருப்திதானே?"

கந்தவேல் காதோடு சொன்னார்: "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லீருங்கய்யா, விழா முடிஞ்சிரும், தண்ணி குடிக்கலாம்."

அம்பலவாணர் இயக்குநரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், சௌந்திரத்தைப் பார்த்தார். "சரி" என்றார். பல்பு பளிச்சென்று வெட்டியது.

பந்தல் காலியானதும் சௌந்திரம் உள்ளே போய்ச் சொம்பைக் கொண்டுவந்தாள். ஒருவருடைய ஒப்புதலையும் கேட்கவில்லை. அவர் தலையைக் கையில் தாங்கி, விக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

"எங்கப்பனுக்குக் கொண்டாந்த சொம்புங்க இது" என்றாள். "அவரு குடிக்கல. நீங்க குடிங்க."

அவர் குடித்தார். அழுதார் என்றும் அவள் சொன்னாள். அழட்டும்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் இயக்குநர் மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் தலைமையகத்திலிருந்து தந்தி வந்துவிட்டது. அம்பலவாணர் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம், கந்தவேல் நிரந்தரத் தலைவராகப் பொறுப்பேற்கவும். கந்தவேல் அன்றைக்கே கூட்டம் கூட்டி, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, அனுதாபத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிவிட்டு, நேரில் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நான் உயிரோட இருக்கேனய்யா!" என்றார் அம்பலவாணர்.

"எனக்குத் தெரியுதுங்கய்யா. ஆனா தீர்மானம் நிறைவேறிப் போச்சு. ரத்து பண்ணோணும்னா பழைய தலைவர் கையெழுத்து வேணும்னு நீங்களே விதி எழுதியிருக்கீங்க. பழைய தலைவர்தான் காலமாயிட்டாரே." கந்தவேல் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "காலமானவங்களுக்குப் பணிவிடையாளர் போட மானியத்துல எடமில்லீங்க. சௌந்திரம், நீ ஊருக்குக் கிளம்பலாம்மா."

கந்தவேலின் ஜீப் போனதும் அவள் பெட்டியைக் கட்டினாள். சொம்பைத் துடைத்து உள்ளே வைத்தாள். சான்றிதழைக் கட்டிலின் கால்மாட்டில் அவர் கண்ணில் படும்படி நிறுத்திவைத்தாள். அம்பலவாணருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்மா, சௌந்திரம், நில்லும்மா! நீ போயிட்டா என்னை யார் பார்த்துக்கறது?"

அவள் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அதுக்குத்தானுங்களே பயிற்சி" என்றாள்.

பழைய பஸ் ஸ்டாண்டில் என் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆண்டகளூர் கேட் வரும்வரை நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் கொட்டுமேளம்தான். இருந்தாலும் ஒன்று கேட்கத் தோன்றியது.

"கெளம்பும்போது அந்தாளுகிட்டச் சொல்லீட்டு வந்தயா அம்மிணி?"

"ஏனுங்கண்ணா, எளவு ஊட்டுல ஆராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவாங்களா?" என்றாள்.

நான் விசிலை ஊதினேன்.